சிஸ்டரின் நான்கு பெட்டைகள்

ஆனி மாதம். காலை ஆறு மணி தாண்டியிருந்தது. வானம் மூடிக்கிடந்ததால் வெளிச்சம் தாமதமாக வந்துகொண்டிருந்தது. நான் பின்வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி பிலோமினா காபி டம்ளருடன் வாசற்படிக்கு வந்தாள்.

அப்போது, என் குறிப்பேட்டில் 'பெட்டை, எண் 5' என்று பதிவாகியிருந்த கோழி மதில்மேல் ஏறியது. இறக்கையை இரண்டு முறை அடித்துக்கொண்டது. கழுத்தை நீட்டியது. துருப்பிடித்த கதவை யாரோ பாதி திறந்துவிட்டு நிறுத்தியதைப்போல ஒரு சத்தம் கொடுத்தது.

நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்களைப் பொருட்படுத்தவில்லை. மறுபடியும் முயன்றது. இந்த முறை கதவு முழுவதும் திறந்துகொண்டது.

"என்னாங்க," என்றாள் பிலோமினா. "உங்க பெட்ட கூவுது."

என் வாயில் பற்பசை நுரை இருந்தது. அந்த நேரத்தில் அது ஒரு வசதி.

கொப்பளித்துவிட்டு, "சில பெட்டைங்க கூவும். எங்கியோ படிச்சிருக்கேன்" என்றேன்.

"வாலும் வளைஞ்சிக்கினு வருது. அதையும் படிச்சீங்களா?"

காபியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதைப் பற்றி அன்றைய குறிப்பில் ஒன்றும் இல்லை.

பெய்யாத மழை

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, 'உங்கள் கட்டுரைகளில் மழை அதிகம், மனிதர்கள் குறைவு' என்று எழுதியிருக்கிறார். அவருக்காக இந்த வாரம் கோழிகள்.

ஆனாலும் மழையைச் சொல்லாமல் தொடங்க முடியவில்லை. திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. மயிலம் போகும் சாலையில் உள்ள ஒரு சிற்றூரில் வீடு. அலுவலக வளாகத்தில் இருக்கும் மழைமானியைத் தினமும் காலையில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது பல வருடங்களாக என் பொறுப்பு. மழை பெய்தால் அளவு. பெய்யாவிட்டால் 'இல்லை'.

சித்திரை வெயிலில் வெறும் குப்பியைத் திறந்து பார்த்து 'இல்லை' என்று எழுதுவதைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. பார்க்காமலேயே 'இல்லை' என்று எழுதலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. நான் பார்த்து எழுதுகிறவன். அந்தப் பதிவேட்டில் எழுத முடியாத சொல் ஒன்றுதான்: 'தெரியவில்லை'. அப்படி எழுதினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள்.

வீட்டுக் கோழிகளுக்கும் நீளமான ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். நாள், கோழி எண், முட்டை, அடை, குஞ்சு, சேவல், பெட்டை, குறிப்பு என்று எட்டுக் கட்டங்கள். பிலோமினா அதை ஞானஸ்நானப் பதிவேடு என்பாள். எண் கொடுப்பது நான், பெயர் வைப்பது அவள்.

எண் 1, வாயாடி. ஒரு முட்டை இட்டுவிட்டு ஒன்பது முட்டை இட்டதைப்போலத் தெருவுக்கே அறிவிக்கும். எண் 2, ஏட்டு. எங்கள் வீட்டு ஒரே சேவல். தீனியைக் கண்டால் பெட்டைகளைக் கூப்பிடும். அவை ஓடி வந்து சேர்வதற்குள் பெரிய பருக்கையைத் தானே விழுங்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல வானத்தைப் பார்க்கும். எண் 3-க்குப் பெயர் இல்லை. பெயர் வைப்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

எண் 4, சிஸ்டர்.

சிஸ்டர்

சாம்பல் நிற உடம்பு, கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. கான்வென்ட் பள்ளியில் பிரம்போடு வராந்தாவில் நடக்கும் கன்னியாஸ்திரீயை அப்படியே உரித்து வைத்த தோற்றம். நடத்தையும் அப்படித்தான். குஞ்சுகளுக்குத் தீனி காட்டும்போது தரையை ஒருமுறை கொத்திக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும். முண்டியடிக்கிற குஞ்சின் தலையில் ஒரு குட்டு விழும். ஒருமுறை தெருநாய் ஒன்று உள்ளே வந்தது. மற்றக் கோழிகள் பறந்தன. சிஸ்டர் அதை நோக்கி நடந்தது. ஓடவில்லை, நடந்தது. நாய்க்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

பிலோமினாவின் அம்மா வீடு பெருமுக்கல் பக்கம். அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து திரும்பும்போது, அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பையிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை 'கீச்' என்றது. பேருந்து நடத்துநர் அதைக் கேட்காததுபோல இருந்தார். அந்த வருடமே அண்ணன்மார் வீட்டை விற்றார்கள். அந்த வீட்டிலிருந்து பிலோமினாவிடம் வந்துசேர்ந்தவை ஒரு பித்தளை அண்டா, ஒரு செபமாலை, அந்தக் குஞ்சு. அண்டா பரணில் ஏறியது. செபமாலை அலமாரிக்குள் போனது. குஞ்சு மட்டும் வளர்ந்து சிஸ்டர் ஆனது.

எங்கள் வீட்டில் தவக்காலத்தில் கறி கிடையாது. கோழிகளுக்கு அது நாற்பது நாள் முன்ஜாமீன். ஈஸ்டர் காலையில் ஜாமீன் ரத்தாகும். சிஸ்டருக்கு மட்டும் எந்த ஈஸ்டரிலும் ஆபத்து வந்ததில்லை. இதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை.

அதற்கு வயதாகத் தொடங்கியபோது பிலோமினா ஒரே ஒருமுறை சொன்னாள்: "இவளோட ஒரு பெட்ட நம்ம ஊட்ல தங்கணுங்க. அது போதும்."

கேட்டது இவ்வளவுதான். எட்டுக் கட்டம் போட்டு வைத்திருக்கும் எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

தவறான குற்றவாளிகள்

முதல் முறை அடை வைத்ததில் எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து இரண்டை விட்டுவிட்டுப் போனது. இரண்டும் சேவல்.

இரண்டாம் முறைக்கு அலுவலகத்தில் ஒருவர் வழி சொன்னார். நுனி கூராக இருக்கும் முட்டையில் சேவல், உருண்டையாக இருக்கும் முட்டையில் பெட்டை. சிஸ்டர் இட்ட பதினேழு முட்டைகளை மேசைமேல் உருட்டிப் பார்த்து, உருண்டையானவை பதினொன்றைத் தேர்ந்தெடுத்து அடை வைத்தேன். கூரான ஆறையும் ஆம்லெட் போட்டோம். வளர்ந்தவை ஏழு. அதில் ஆறு சேவல். ஒரே ஒரு பெட்டையை, நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பருந்து கொண்டுபோனது.

ஆக மொத்தம்: சேவல் எட்டு. பெட்டை ஒன்று, அதுவும் பருந்தின் வயிற்றில்.

ஏட்டை மாற்றுங்கள் என்றார்கள் உறவினர்கள். சேவல் சரியில்லையாம். நான் கால்நடை மருந்தகத்துக்குப் போய் அங்கிருந்த இளம் டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"பாதிக்குப் பாதி சார். அதான் கணக்கு. ஆனா ஒவ்வொரு ஈத்துலயும் பாதி வந்தே ஆகணும்னு இல்ல" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். குழந்தை ஆணா பெண்ணா என்பது மனிதர்களில் அப்பாவிடமிருந்து வருவதைப் பொறுத்தது. கோழிகளில் அது அம்மாவிடமிருந்து வருவதைப் பொறுத்தது. சேவலுக்கு அதில் பங்கே இல்லை.

பேருந்தில் திரும்பி வரும்போது இதை நினைத்துக்கொண்டே வந்தேன். எங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். இரண்டாவது பிறந்தபோது என் பக்கத்து உறவினர்கள் பிலோமினாவைத்தான் ஆறுதல் சொல்லும் முகத்தோடு பார்த்தார்கள். வீட்டில் பெண் பிறந்தபோது பெண்ணைக் குறை சொன்னார்கள். கூட்டில் சேவல் பிறந்தபோது சேவலைக் குறை சொன்னார்கள். இரண்டு முறையும் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாவிடம் சொன்னேன்.

"இருவது வருசம் முன்னாடி வந்து சொல்றதுதான?" என்றாள்.

டாக்டரம்மா சொன்னதில் 'பாதிக்குப் பாதி' என்பதை மட்டும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அடுத்த வாக்கியத்தை எழுதவில்லை. கட்டத்தில் இடம் இல்லை.

வாரத்துக்கு விட்டது

மூத்த மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதற்காகப் பின்கட்டு முழுவதும் சிமெண்ட் போட்டிருந்தோம். சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. கழுவிவிட்ட கோயில் தரையில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. சீய்க்க மண் இல்லாத இடத்தில் அடை படுக்க மறுத்துவிட்டது.

மூன்று வீடு தள்ளி செல்வி இருக்கிறாள். கணவர் மினிலாரியில் காய்கறி ஏற்றிச் சென்னைக்குப் போகிறவர். செல்வி மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளில் களை எடுக்கப் போவாள். அவள் வீட்டுப் பின்னால் ஒரு வைக்கோல் போர், ஒரு எருக்குழி, ஒரு முருங்கை மரம். கோழிக்கு மோட்சம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும். சிஸ்டரை அவளிடம் வாரத்துக்கு விட்டேன்.

வாரம் என்றால், கோழி கொடுத்தவருடையது, உழைப்பு வளர்த்தவருடையது, குஞ்சு ஆளுக்குப் பாதி. பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வளர்த்தவர் குஞ்சுகளை இரண்டு கூடையாகப் பிரித்து வைக்க வேண்டும். கொடுத்தவர் பார்த்து ஒரு கூடையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தவர் எடுக்கக் கூடாது, எடுக்கிறவர் பிரிக்கக் கூடாது. இந்த முறையை ஏற்படுத்தியவர்கள் யாரோ, மனிதர்களைப் பற்றி நல்ல எண்ணம் இல்லாதவர்கள். அதனால்தான் இது இத்தனை காலம் நிற்கிறது.

தை மாதம் பதினொரு முட்டை அடை வைத்தாள் செல்வி. இடிச் சத்தத்தில் கரு கலங்காமல் இருக்கக் கூடையில் ஓர் ஆணியும் இரண்டு கரித்துண்டும் போட்டாள். பிலோமினா தன் பங்குக்குக் குருத்தோலை ஞாயிற்று ஓலையில் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள். செல்வி அதையும் வாங்கி ஆணிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பக்கமும் காவல். அந்த மூன்று வாரமும் இடியே இடிக்கவில்லை. மழைமானியில் தினமும் 'இல்லை'.

ஒன்பது பொரித்தது. ஒரு மாதத்துக்குள் பருந்து வந்து ஒன்றை எடுத்துக்கொண்டது.

"மிச்சம் இருக்கறதையாவது போய் எடுத்துக்கினு வந்துடுங்க," என்றாள் பிலோமினா. "போன தடவ மாதிரி ஆயிடப் போவுது."

ஸ்கேல்

பங்குனியில் ஒரு ஞாயிறு. நான் நோட்டு, பேனா, ஆறு அங்குல ஸ்கேல் மூன்றையும் எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இரண்டு கூடைகளைக் கவிழ்த்து, கூடைக்கு நான்கு குஞ்சாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"இப்பவே இன்னா சார் அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் போவட்டும். சேவலா பெட்டையான்னு அதுங்களே காட்டும்."

"பருந்து ஒன்ன எடுத்துக்கினு போயிடுச்சே செல்வி."

"ஏன், உங்க ஊட்டு மேல பருந்து பறக்காதா?"

நான் இரண்டு கூடைகளையும் தூக்கிவிட்டு, எட்டுக் குஞ்சுகளையும் ஒன்றாக ஒரு பெரிய கூடைக்குள் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, வால் இறகின் அடியிலிருந்து நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன்.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா சார், எல்லாத்துக்கும் சட்ட தைக்கப் போறீங்களா?"

"சேவலுக்கு வால் நீளம். பெட்டைக்குக் குட்டை. பெரிய கோழிங்களப் பாரு, தெரியும்."

"வால உடுங்க சார், கொண்டையப் பாருங்க. இதுக்கு இப்பவே செவந்துக்கினு வருது. இது சேவ."

கொண்டையின் சிவப்பை அளக்க என்னிடம் கருவி இல்லை. வாலுக்கு ஸ்கேல் இருந்தது. அளக்க முடிந்ததை நம்புவது என் தொழில்.

வால் நன்றாக முளைத்தவை நான்கு. மொட்டையாக நின்றவை நான்கு. சரியாகப் பாதிக்குப் பாதி! டாக்டரம்மா சொன்ன கணக்கு என் கண்முன்னால் வந்து நின்றபோது எனக்குப் புல்லரித்தது. மொட்டை வால் நான்கையும் என் பைக்குள் விட்டேன்.

"சார், முறப்படி பாத்தா பிரிச்சவங்க எடுக்கக் கூடாதே?"

"இதுவும் முறைதான் செல்வி. எழுதியே வச்சிருக்கேன்."

வாசித்துக் காட்டினேன். 'சேவல் 4, செல்விக்கு. பெட்டை 4, நமக்கு.' அவளுக்கு வருத்தம் இருக்கக் கூடாது என்பதற்காகக் கீழே கையெழுத்தும் போடச் சொன்னேன்.

"சேவதான? செரி, உடுங்க. ஆடியில கூழு ஊத்தறப்ப அம்மனுக்கு ஆவும்" என்று போட்டுக் கொடுத்தாள்.

சிஸ்டரும் நான்கு 'பெட்டை'களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிலோமினா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முகத்தைப் பார்த்தாள். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. பார்த்து வைக்கலாம் என்றாள்.

அக்கினி வெயிலில் ஒருநாள் காலை, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சிஸ்டர் அடை படுத்ததுபோல உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புதைக்க எங்கள் வீட்டில் மண் இல்லை. பிலோமினா முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் செல்வியின் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள்.

நான் 'எண் 4, இறப்பு' என்று எழுதினேன். 'குறிப்பு' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"பரவால்ல," என்றாள் அவள், கையைக் கழுவிக்கொண்டே. "நாலு பொண்ணு இருக்குது."

ஒன்பது நாள் நம்பிக்கை

இப்போது அந்த ஆனி மாதக் காலைக்குத் திரும்பலாம்.

எண் 5 கூவிய மூன்றாம் நாள் எண் 6 கூவியது. அதற்கு அடுத்த நாள் எண் 7. நான்காவது வாயைத் திறக்கவில்லை. பிலோமினா அதற்கு மட்டும் தனியாகக் கேப்பை வைத்தாள். மற்ற மூன்றும் பக்கத்தில் வந்தால் விரட்டினாள். நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல நடந்துகொண்டோம்.

பத்தாம் நாள், கோயில் மணி அடித்து முடித்ததும், அது கூவியது. நான்கில் அதற்குத்தான் நல்ல குரல்.

பிலோமினா பரணிலிருந்து அம்மா வீட்டு அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, திரும்பவும் பரணிலேயே ஏற்றினாள். அன்று முழுவதும் வீட்டில் புளி வாசனை.

நான் டாக்டரம்மாவிடம் போனேன். எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த ஊசியை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குஞ்சுல பெட்டைக்குத்தான் சார் வால் சீக்கிரம் முளைக்கும். சேவலுக்கு மெதுவாத்தான் வரும். உங்க அளவெல்லாம் சரிதான். தலைப்பதான் மாத்திப் போட்டுட்டீங்க."

என் வாழ்க்கையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் இதைவிடத் துல்லியமானது இல்லை.

அப்படியானால் செல்வியிடம் கொடுத்த நீள வால் நான்கும்? அது ஆடி மாதம். வரும் வழியெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மனுக்கு ஆகும் என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

எழுதாத கட்டம்

செல்வி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். பொண்ணுங்க நல்லா இருக்குதுங்களா? காலையில எங்க ஊடு வரைக்கும் கேக்குது."

"உனக்குக் குடுத்த நாலும் எங்க செல்வி?"

"ஒன்ன அம்மனுக்கு அறுத்தோம். அது நெசமாவே சேவ. ஒன்ன கீரி இட்டுக்கினு போயிடுச்சி. ஒன்ன காணையில கட்டிக்குடுத்த என் தங்கச்சிக்குக் குடுத்தேன், அங்க கழிச்சல்ல எல்லாம் போச்சு."

"இன்னொன்னு?"

முகத்தால் பின்பக்கம் காட்டினாள். முருங்கை மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை.



"இது பெட்டைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"வைகாசியிலியே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான சேவன்னு எழுதி, என்னிய வேற கையெழுத்துப் போட வச்சீங்க? கவர்மெண்ட் எழுத்த நான் எப்டி சார் மாத்தறது? இதையும் அம்மனுக்கு வெட்லாம்னு எங்க ஊட்டுக்காரு சொன்னாரு. அம்மனுக்குச் சேவதான் ஆவும், பெட்ட ஆவாது. தப்பிச்சிச்சி."

என் நான்கு சேவல்களையும் தருகிறேன், இந்த ஒன்றைக் கொடு என்றேன்.

"நாலும் ஒன்னா நின்னு கூவனா நான் எங்க சார் போறது? வேணாம்."

விலைக்குக் கேட்டேன். விற்கிறதில்லை என்றாள். இன்னும் சில மாதத்தில் முட்டை இடப் போகிற பெட்டையை யார் விற்பார்கள்? நான் அங்கேயே நின்றேன். செல்வி உரிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது பேஜாரு? திண்டிவனம் சந்தையில கெடைக்காத கோழியா?"

அப்போதுதான் சொன்னேன். சிஸ்டர் பிலோமினாவின் அம்மா வீட்டிலிருந்து வந்தது, அந்த வீடு இப்போது இல்லை, அவள் கேட்டது ஒரே ஒரு பெட்டை. எல்லாம் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது சொன்ன பிறகு தெரிந்தது.

செல்வி மடியிலிருந்த தோலை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இத உங்க நோட்ல எழுதலியா?"

"இல்ல."

"வால அளந்து எழுதனீங்க. இத எழுதல."

நேராகப் பின்பக்கம் போய், இரண்டே எட்டில் அந்தப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் என் கையில் கொடுக்கவில்லை.

"வாரத்துக்குத்தான் உடுவேன். ரெண்டு ஈத்து பொரிச்சதும் என் கோழி என் ஊட்டுக்கு வந்துடணும். வளக்கிறவங்க நீங்க. நீங்க பிரிச்சி வைக்கணும், நான் எடுப்பேன். ஸ்கேலெல்லாம் எடுத்துக்கினு வரக் கூடாது. செரியா?"

"சரி."

"அப்புறம் சார், அந்தச் சிமெண்ட்டுல இது இருக்காது. மொதல்ல அத ஒடைங்க."

எங்கள் தெரு மேஸ்திரியை வைத்துப் போட்ட தளத்தை அதே மேஸ்திரியை வைத்துப் பத்தடிக்குப் பத்தடி உடைத்தேன். ஏன் சார் என்று அவர் கேட்கவில்லை. அரசு ஊழியர் வீட்டில் வேலை செய்து பழக்கப்பட்டவர்.

இரண்டு கூடை

கார்த்திகையில் அது முட்டையிடத் தொடங்கியது. தையில் அடை படுத்தது. ஆணி, கரி, குருத்தோலை மூன்றும் எங்கள் வீட்டிலேயே வைத்தோம். எட்டுப் பொரித்தது. கோழி செல்வியுடையது. அதன் குஞ்சுகளில் எங்கள் பங்கு நான்கு. பிலோமினாவின் பெட்டை அந்த நான்கில் வந்தால்தான் உண்டு.

குஞ்சுகளுக்கு ஒரு மாதம் ஆனதும் செல்வி வந்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் போகட்டுமே, சேவல் பெட்டை தெரிந்துவிடுமே என்றேன்.

"போன தடவ நீங்க ஒரு மாசத்துலதான வந்தீங்க? முற எல்லாருக்கும் ஒன்னுதான் சார்."

நான் பிரித்தேன். ஸ்கேல் மேசை டிராயரில் இருந்தது. டிராயர் சாவி பிலோமினாவிடம் இருந்தது. வால் பக்கம் கண் போகாமல் இருக்கக் குஞ்சுகளை என்னைப் பார்க்க வைத்துப் பிரித்தேன். கறுப்பு இரண்டு இங்கே, இரண்டு அங்கே. பழுப்பு ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மிஞ்சியவை இரண்டு. ஒன்று எல்லாவற்றையும்விடப் பெரியது, மற்றது சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கழுத்துள்ளது. அதைப்போல இன்னொன்று இல்லை. எந்தக் கூடையில் போடுவது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிலோமினா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் வைத்த கூடையில் போட்டு, பெரியதை மற்றதில் விட்டேன்.

செல்வி குனிந்து இரண்டு கூடைகளையும் பார்த்தாள். வெள்ளைக் கழுத்து இருந்த கூடையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் எழுதிக் கையெழுத்து வாங்கிய முறையில்தான் அது இல்லை.

வாசல் கதவு வரை போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். கூடைக்குள் கையை விட்டு வெள்ளைக் கழுத்துக் குஞ்சை எடுத்துப் பிலோமினாவின் கையில் வைத்துவிட்டு, எங்கள் கூடையிலிருந்த பெரிய குஞ்சை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இது உங்க அம்மா ஊட்டு மூஞ்சி. வச்சிக்குங்க."

"சேவலா பெட்டையா செல்வி?" என்று கேட்டாள் பிலோமினா.

"ஆருக்குத் தெரியும்?" என்றாள் செல்வி. "வளத்துப் பாருங்க."

அவள் போன பிறகு நோட்டை எடுத்தேன். சேவல், பெட்டை என்ற இரண்டு கட்டங்களுக்கும் குறுக்கே ஒரே சொல்லாக எழுதினேன்: தெரியவில்லை. மேலிடத்திலிருந்து யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இதை எழுதும்போது வைகாசி பாதி ஆகிவிட்டது. பிலோமினா அதற்குப் பெயர் வைக்கவில்லை. நான் எண் கொடுக்கவில்லை. அதன் வால் நீளம் என்றும் சொல்ல முடியாது, குட்டை என்றும் சொல்ல முடியாது. கொண்டை சிவந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வெயிலில் எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும் என்கிறாள் பிலோமினா.

இன்று காலை ஆறு மணி தாண்டி, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அது முதல் முறையாக மதில்மேல் ஏறியது. இறக்கையை இரண்டு முறை அடித்துக்கொண்டது. கழுத்தை நீட்டித் தெருவை ஒரு பார்வை பார்த்தது.

காபி டம்ளருடன் வந்த பிலோமினா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காபி ஆறும்வரை நின்றாள். நானும் கொப்பளிக்கவில்லை.

அது இறங்கிப் போய் மண்ணைச் சீய்க்கத் தொடங்கியது.

காபியில் சர்க்கரை இருந்தது.